உண்டியலில் போடாத உரு

கோயம்புத்தூர் பேருந்து என்னைச் சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறியிருந்தது. என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் துணிமணி. மற்றதில் விஜயராஜ் எனக்கு வாங்கிக் கொடுத்த பொருள்கள். அவற்றை அங்கேயே எறிந்துவிட்டு வந்திருக்கலாம். எங்கே எறிவது என்று தெரியவில்லை.

அம்மா பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தாள்.

“அத இங்கன குடு. ஏட்டி, என்ன இந்தக் கனம் கனக்கு?”

“சாமான்மா.”

“கல்லா, மண்ணா?”

அம்மா பையைக் கை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ராயகிரியிலிருந்து மாற்றலாகி வந்தபோது அம்மா பிடித்த வாடகை வீடு அது. நான் அதுவரை பார்த்ததில்லை. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முகப்பு குறுகல். உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் விசைத்தறிகள். அந்தச் சத்தம் சுவர் வழியாக வந்து தரையில் அதிர்ந்தது. மாடியில் ஓர் அறை. முன்பு நூல் மூட்டைகள் கிடந்த இடமாம். ஜன்னல் ஒன்றுதான். அதற்கு எதிரே வெறும் சுவர்.

“இது உனக்கு” என்றாள் அம்மா. “எம்புட்டு நேரம் வேணும்னாலும் தூங்கு. நான் எழுப்ப மாட்டேன்.”

தை மாதம் விஜயராஜுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நான் இல்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அழுகை எப்போது வரும் என்று தெரியாது. பல் துலக்கும்போது வரும். தறிச் சத்தம் சட்டென்று நின்றால் வரும். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். சற்று நேரம் கழித்துப் படியேறி வந்து, “சாப்ட்டியா மக்கா?” என்பாள். பத்து நிமிடம் முன்புதான் அவளே பரிமாறியிருப்பாள்.

கடையநல்லூரிலிருந்து ரிஸானா வந்தாள். கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்தவள். இப்போது துணிக்கடைகளுக்கு விற்பனைப் படங்கள் எடுத்துக் கொடுக்கிறாள். தன் பழைய கேமராவையும் முக்காலியையும் என் கட்டிலில் வைத்தாள்.

“வாயத் திறந்து சொல்ல மாட்ட. எழுதுன்னா எழுத மாட்ட. இதுலயாவது ஏதாவது செய்யி.”

“எனக்கு ஆள் முன்னால நின்னு எடுக்க வராதுட்டி.”

“ஆள யாரு எடுக்கச் சொன்னா? சாமான எடு. சாமான் உன்ட்ட ஒண்ணும் கேக்காது. அந்தப் பையில கெடக்கே, ஒண்ணொண்ணா எடுத்து வையி. உனக்கு என்ன தோணுதோ அதுமாதிரி அடுக்கு. படம் எடு. எடுத்த சாமானத் தூரப் போடு. பை காலியாகும்போது நீயும் சரியாயிருவ.”

“இதெல்லாம் எங்க படிச்ச?”

“எங்கயும் படிக்கல. என்ன விட்டுட்டு ஒருத்தன் ஊதா கலர் ஸ்கூட்டியோட போனான்லா? என்ட்ட கெடந்த அந்த ஸ்கூட்டியோட மாத்துச் சாவிய அறுபது போட்டோ எடுத்தேன். இப்ப அவன் பேரு மறந்துபோச்சு.”

பொய் சொன்னாள். ஆனாலும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல்.

மேசையைச் சுவரோரம் போட்டு, கிழிந்த குடையின் கறுப்புத் துணியை அதன்மேல் விரித்தேன். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முதலில் எடுத்தது அவன் வாங்கித் தந்த இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸ். ஓர் அடுக்கு நிறைய உப்பு கொட்டினேன். மற்றதைக் காலியாக வைத்தேன். படம் நன்றாக இருந்தது. ஆனால் அது டிபன் பாக்ஸின் படம். அதில் அவன் இல்லை. நானும் இல்லை.

ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். வீட்டுக்குள் பாம்பையோ தேளையோ பார்த்துவிட்டால், அதன் உருவம் பதித்த சின்னத் தகடு ஒன்றைக் கோயில் வாசலில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். உரு என்பார்கள். கண் நோவுக்குக் கண். கால் வலிக்குக் கால். தீராத துன்பத்துக்கு முழு ஆள். துன்பத்தை எடுத்துக்கொண்டு உரு உள்ளே போய்விடும். நாம் வெறுங்கையோடு வீடு திரும்பலாம்.

கடைக்காரர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “என்ன வேணும்? பாம்பா, தேளா, பூரானா?”

“ஆள் உரு, அண்ணாச்சி.”

“யாருக்கு முடியல?”

“யாருக்கும் இல்ல. படம் எடுக்கதுக்கு.”

அவர் பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “வே, கேட்டீரா? பாம்ப வாங்கிட்டுப் போனாலாவது அதுவே படம் எடுக்கும். இந்தப் பிள்ள ஆள வாங்கிட்டுப் போகுது.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. சில்லறையை வாங்காமலே திரும்பினேன். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“எம்மா, அப்படியே உள்ள போயி உண்டியல்ல போட்டுட்டுப் போ. வீட்டுக்குக் கொண்டு போவாத.”

தலையை ஆட்டினேன். வீட்டுக்குத்தான் கொண்டு போனேன்.

விரல் நீளத் தகடு. காந்தம் ஒட்டவில்லை. அலுமினியமாக இருக்கும். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. அச்சு தேய்ந்திருந்ததால் முகத்தில் கண்ணும் வாயும் சரியாக விழவில்லை. அதைக் காலியான அடுக்குக்குள் நிற்க வைத்தேன். இந்த முறை படம் சரியாக வந்தது.

மறுநாள் டிபன் பாக்ஸைக் கழுவினேன். வாங்கித் தந்த அன்று அவன் அதிலேயே எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்து, எனக்கு ஒரு வாய் ஊட்டியது நினைவுக்கு வந்தது. வலிக்கும் என்று காத்திருந்தேன்.

வலிக்கவில்லை.

பாக்ஸை அம்மா வாடிக்கையாகப் பூ வாங்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது அவன் எனக்காக வாங்கிய ஹெல்மெட். அதைக் கவிழ்த்துப் போட்டு, பழுப்பேறிய மல்லிகையை உள்ளே நிரப்பி, விளிம்பில் உருவை உட்கார்த்தினேன். பிறகு அவன் சட்டைப் பொத்தானை ஒரு முட்டை ஓட்டுக்குள் வைத்து எடுத்தேன். நின்றுபோன கைக்கடிகாரத்தை ஈர மணலில் பாதி புதைத்து எடுத்தேன். எல்லாவற்றிலும் உரு இருந்தது. எடுத்து முடித்த பொருளைத் தொட்டால் அது வெறும் பொருளாக இருந்தது. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவதுபோல.

நான் குணமாகிறேன் என்று நினைத்தேன்.

உரு வந்ததிலிருந்து அறையில் ஒரு வாசனை இருந்தது. மழை நனைத்த புற்று மண்ணின் வாசனை. வெளியே பங்குனி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

படங்களை ரிஸானாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“ஏட்டி, சூப்பரா இருக்கு. யாரு கூட நிக்கா? உங்கம்மாவா?”

“எங்க?”

“எடுக்கும்போது உன் பக்கத்துல. மேசை ஓரத்துல பாரு. ரெண்டு நிழல் விழுதுலா?”

பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் என் தலையும் தோளும் மேசையின் கீழ் விளிம்பில் நிழலாக விழுந்திருந்தன. அதை ஒட்டி இன்னொரு தலை. இன்னொரு தோள்.

“ஜன்னலுக்கு ரெண்டு கதவு. ரெண்டு பக்கமும் வெளிச்சம் வந்தா ரெண்டு நிழல் விழும்” என்றேன்.

“அப்படியா?” என்றாள். “டிபன் பாக்ஸ் படத்துல அது தள்ளி நிக்கி. இதுல ஒட்டி நிக்கி.”

ஒரு கதவைச் சாத்திவிட்டு மறுபடி எடுத்தேன்.

இரண்டு நிழல்.

துணியால் அந்தப் பக்கத்தை முழுவதும் மறைத்துவிட்டு எடுத்தேன்.

இரண்டு நிழல்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேசையைத் துடைத்துவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டேன்.

அம்மா மாடியைப் பெருக்க வந்தபோதுதான் உருவைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“எம்மாடி, இத ஏன் வீட்டுல வச்சிருக்க?”

“போட்டோவுக்கு.”

“வாங்கினா அன்னைக்கே போட்டிரணும்ட்டி. போடாம வச்சா அது எடுத்துக்கிட்டே இருக்கும்.”

“என்னத்த எடுக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? எடுக்கதுக்குன்னு செஞ்சது. எடுத்தத எறக்கி வைக்க எடம் வேண்டாமா?” என் தலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்தாள். “வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமாப் போயிப் போட்டுருவோம்.”

சரி என்றேன்.

அந்த வெள்ளிக்கு முன்பே ஒரு மத்தியானம் மாடிக்குப் போனபோது கறுப்புத் துணியின்மேல் ஒரு பித்தளை டம்ளர் இருந்தது. அம்மா காபி குடிப்பது. விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. பக்கத்தில் உரு நின்றுகொண்டிருந்தது. நான் அதை ஜன்னல் மேட்டில் வைத்திருந்தேன். அம்மா தூசி தட்டும்போது மாற்றி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். நசுங்கிய இடத்தில் வெளிச்சம் அழகாக விழுந்தது. அவன் பொருள்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டிருந்தன.

எடுத்தேன்.

மறுநாள் காலை அம்மா சோறு வடிக்கும்போது பானை நழுவியது. கொதிக்கும் கஞ்சி அவள் வலது கையில் கொட்டியது. அம்மா கத்தினாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கஞ்சி முழங்கையிலிருந்து வழிவதைப் பார்த்தேன். தோல் முதலில் வெளுத்துப் பிறகு சிவந்தது.

“மக்கா, தண்ணி... தண்ணி எடுட்டி!”

தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது தெரிந்தது. எதற்கு அவசரம் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து தறிக்காரர் கோமதிசங்கர் ஓடிவந்தார். அவர்தான் அம்மா கையைக் குழாயில் பிடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, மரம் மாதிரி நிக்க?”

மருத்துவமனையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு, “பிள்ள பயந்துபோச்சு. அதான் அப்படி நின்னுட்டா” என்று கோமதிசங்கரிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

நான் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். சோதனைச் சாலையில் செய்வதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விஜயராஜின் முகத்தை நினைத்தேன். ஒன்றும் இல்லை. ரிஸானாவை நினைத்தேன். ஏதோ லேசாக அசைந்தது. அம்மாவை நினைத்தேன். அம்மா என்று ஒருத்தி கீழே படுத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று தெரிவதுபோல.

விஜயராஜ் போனது போகட்டும்.

அம்மா போகக் கூடாது.

உள்ளே நூல்போல ஒரு பயம் ஓடியது. என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போவதற்குள் உருவைக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன்.

ஜன்னல் மேட்டில் உரு இல்லை.

பின்னால் தகடு தரையில் உரசும் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். ஓர் அடி. இன்னோர் அடி.

திரும்பினேன்.

மேசைமேல் கறுப்புத் துணி சுருக்கமில்லாமல் விரிந்திருந்தது. அதன்மேல் அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. நரைமுடி சுற்றிய சீப்பு. பள்ளி அடையாள அட்டை. ஒரு செருப்பு. நடுவில் அந்த உரு. நான் அடுக்கிய எந்தப் படத்தையும்விட அது நன்றாக இருந்தது. கேமரா முக்காலியில் தயாராக நின்றது.

என் விரல் பொத்தான்மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

காதுக்குப் பக்கத்தில் ஈர மண் வாசனையோடு மூச்சு ஒன்று பட்டது.

விரலை எடுத்தேன். உருவைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். தகடு கனத்தது. ஓர் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள். விரல் நீளத் தகடுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோயில் வாசலில் அந்தக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னுமா போடல?”

“இப்ப போட்டுருதேன் அண்ணாச்சி. போட்டா சரியாயிரும்லா?”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தட்டில் பாம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். “போடு தாயி. தகட்டத்தான் போட முடியும்” என்றார்.

உண்டியல் வாயில் உருவை நுழைத்தேன். கை லேசானது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. மற்றவர்கள் போடும் காசுகள் கணீர் கணீரென்று விழுந்துகொண்டிருந்தன. சற்று நேரம் நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். எல்லாம் சேர்ந்து திரும்பி வரட்டும். பல் துலக்கும்போது வரட்டும். நடுத்தெருவில் வரட்டும்.

வரவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்தால் வரும் என்று வேகமாக நடந்தேன்.

மின்தடை. தறிகள் நின்றிருந்தன. சந்து முழுவதும் அமைதி. வீட்டுக்குள் நுழைந்ததும் மாடியில் அம்மாவின் குரல் கேட்டது.

“இப்படித் திரும்பட்டா?”

படியில் நின்றேன்.

“கை தெரியுமேட்டி. கட்டோட எடுத்தா நல்லாவா இருக்கும்?” மெல்லச் சிரித்தாள். யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரிப்பதுபோல. “சரி, சரி. ஆடாம இருக்கேன்.”

கேமராவின் சத்தம் கேட்டது.

மேலே ஓடினேன். அம்மா கறுப்புத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால், ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாப்ட்டியா என்று கேட்கும்போது வருவது. என்னைத் தவிர யாரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அங்கே யாரும் இல்லை.

கேமராவின் சத்தம் மறுபடி கேட்டது.

“எம்மா” என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

“நீ இங்கனதான நின்ன?”

நான் கேமராவை எடுத்துப் பார்த்தேன். வரிசையாக அம்மாவின் படங்கள். கடைசிப் படத்தில் அவள் மடியில் நிழல் விழுந்திருந்தது. ஒரே ஒரு நிழல். என் தலை. என் தோள். ஒரு பக்கம் சரியும் என் பின்னல்.

ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். படத்தில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் காயம். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

அவ்வளவுதான்.

பிறகு ரிஸானா வந்து கேமராவை எடுத்துப்போனாள். நான் அழுவதில்லை. வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அம்மாவின் கை ஆறிவிட்டது. அவள் முன்பைவிடச் சந்தோஷமாக இருக்கிறாள். நேற்று ரிஸானாவிடம் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டேன்.

“பழைய பிள்ளையா ஆயிட்டா. நீ குடுத்த போட்டோப் பெட்டி புண்ணியம். சாயங்காலமானா என் மடியில தலைய வச்சுக்கிட்டு என்னெல்லாம் பேசுதா தெரியுமா? சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோவுது.”

நான் சாயங்காலங்களில் மாடியை விட்டு இறங்குவதில்லை.

இன்று பசித்ததால் இறங்கினேன். அம்மா தரையில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு தட்டு. சோறு பாதி தின்றிருந்தது. குழம்பில் விரல் வழித்த தடம் இருந்தது. தட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் தரை.

படி கிரீச்சிட்டது. அம்மா நிமிர்ந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தட்டுக்கு எதிரே குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்:

“யாரு மக்கா அது? உன் கூடப் படிச்ச பிள்ளையா?”